திரும்பிப் போனவர்களின் கணக்கு

எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கும் பாட்டி ஒருவர் இரண்டு வருடங்களுக்கும் மேலாகச் சாலையைக் கடக்கவில்லை. எதிர்ப்பக்கம் நூலகம் இருக்கிறது, பூங்கா இருக்கிறது, அவருடைய நெடுநாள் தோழியின் வீடும் அங்கேதான். இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை 14 மீட்டர், நானே டேப் பிடித்து அளந்தேன். ஒரு மாலையில் அந்த 14 மீட்டரைக் கடந்துகொண்டிருந்தபோது, திருப்பத்தில் வேகம் குறைக்காமல் வந்த கார் அவரைத் தட்டிவிட்டது. இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை நடந்து, பல மாதங்கள் கழித்துக் கைத்தடியோடு வாசல் வரை நடக்க ஆரம்பித்தார். வாசலோடு சரி, அதைத் தாண்டி வரவில்லை.

கார் ஓட்டியவர் குடித்திருக்கவில்லை, போனில் பேசவில்லை, நிறுத்தாமல் ஓடிவிடவும் இல்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ததே அவர்தான். "நான் பார்க்கவே இல்லைங்க, பார்க்கவே இல்லை" என்று நடுங்கியபடி சொல்லிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு எங்களுக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது, பார்க்காமல் என்ன ஓட்டுகிறாய் என்று. அவர் சொன்னது உண்மை என்று புரிய எங்களுக்குச் சில வாரங்கள் ஆயின. ஆனால் அதற்கு முன்னால் நாங்கள் செய்த தவறுகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தங்கள் தெருச் சாலையை நடப்பவர்களுக்குப் பாதுகாப்பாக்கும் இதே வேலையில் இறங்கும் யாரும் அநேகமாக அங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

விபத்துக்கு மறுநாளே பேச்சு ஆரம்பித்துவிட்டது. வயதானவர்களை இந்த நேரத்தில் தனியாக அனுப்பலாமா, வெளிர் நிற உடை உடுத்தியிருக்கலாமே, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தானே இறங்க வேண்டும் என்று ஆளாளுக்கு ஒன்று. எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். நானும் சொன்னேன். நம் வீடுகளில் யார் செருப்பை மாட்டினாலும் உள்ளேயிருந்து ஒரு குரல் "பார்த்துப் போ" என்கிறது, அது அன்பு, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அந்தப் பாட்டி பார்த்துத்தான் போனார். வளைவுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கே தெரியாத இடத்திலிருந்து வரும் காரை எப்படிப் பார்ப்பது? ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்போடு வருபவரை விட்டுவிட்டு, வெறுங்கையோடு நடந்து போகிறவர் தலையில் மொத்தப் பொறுப்பையும் வைத்துவிடுகிறோம், அதுவும் அன்பான ஒரு சொல்லில்.

இப்படி யோசிப்பது புதிதும் அல்ல. பிரிட்டனில் கார் மோதி இறந்த முதல் பாதசாரி என்று பதிவானவர் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி. 1896 ஆகஸ்டில் லண்டனில் நடந்தது அது. விசாரணை நடத்திய அதிகாரி, இப்படி ஒன்று இனி ஒருபோதும் நடக்காது என்று நம்புவதாகச் சொன்னார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகம் முழுக்கச் சாலை விபத்துகளில் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள், அதில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் பாதசாரிகள். அந்த அதிகாரியின் நம்பிக்கையும், விபத்துக்குப் பிறகு தெருக்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த எங்கள் குழுவின் முதல் கூட்டமும் ஒரே மாதிரி இருந்தன. எல்லோரும் கொஞ்சம் கவனமாக இருந்தால் போதும் என்று நினைத்தோம், எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்லி மனு எழுதினோம், குழந்தைகளை வைத்துச் சுவரொட்டி வரைந்தோம். குழந்தைகள் அழகாக வரைந்திருந்தார்கள். ஒரு வண்டிகூட வேகம் குறைக்கவில்லை.

மனுவுக்குப் பதில் வந்தது. மரியாதையான பதில்தான். அந்தச் சந்திப்பில் பதிவான விபத்துகளின் எண்ணிக்கையும் சாலையைக் கடப்பவர்களின் எண்ணிக்கையும் பாதுகாப்பான கடப்பு அமைக்கத் தேவையான அளவுக்கு இல்லை என்று எழுதியிருந்தது. வெகு நாள் எனக்கு அந்தக் கடிதத்தின்மேல் ஆத்திரம் இருந்தது. இப்போது பார்த்தால், அந்த அலுவலகத்தில் இருந்தவர் வேண்டுமென்றே மறுக்கவில்லை, அவர் கையில் இருந்த விதி அப்படித்தான் இருந்தது. பல நாடுகளில் சாலைப் பொறியாளர்கள் சிக்னலோ கடப்போ அமைக்க இத்தனை வாகனம், இத்தனை பாதசாரி, இத்தனை விபத்து என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். பணமும் ஆளும் குறைவு, எல்லா இடத்திலும் கேட்கிறார்கள், எங்கே முதலில் செய்வது என்று முடிவெடுக்க ஓர் அளவுகோல் வேண்டும்தான்.

ஆனால் அந்த அளவுகோலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பயந்து வீட்டிலேயே இருப்பவர் அந்த எண்ணிக்கையில் வரமாட்டார். எங்கள் பாட்டி இப்போது கடப்பதில்லை, ஆகவே அவர் கணக்கில் இல்லை. அவரைப் பார்த்துப் பயந்து கடப்பதை நிறுத்திய மற்றவர்களும் கணக்கில் இல்லை. சாலை எவ்வளவுக்கு எவ்வளவு ஆபத்தாகிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு ஆட்கள் குறைவார்கள், விபத்தும் குறையும், தாளில் பார்த்தால் அது பாதுகாப்பான சாலையாகத் தெரியும்! இதைக் கூட்டத்தில் முதலில் சொன்னது எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்கா, கணக்கு ஆசிரியை. "நடந்தவங்களை மட்டும் எண்ணினா எப்படி? நடக்காம போனவங்களையும் எண்ணுவோம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் எங்கள் வேலை உண்மையில் தொடங்கியது.

நோட்டில் மூன்று பத்தி போட்டோம். கடந்தவர்கள், ஓடிக் கடந்தவர்கள், திரும்பிப் போனவர்கள். மூன்றாவது பத்திக்கு ஒரு விதி வைத்துக்கொண்டோம்: விளிம்பு வரை வந்து, நின்று, வண்டிகளைப் பார்த்து, பிறகு வந்த வழியே திரும்பியவரை மட்டும்தான் எழுத வேண்டும். சும்மா நின்றவரை எழுதக்கூடாது, போனில் பேச நின்றவரை எழுதக்கூடாது. சந்தேகமாக இருந்தால் விட்டுவிட வேண்டும். காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம், இருவர் இருவராக, மழை நாள் உட்பட. வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சிரமம், அதனால் ஓய்வுபெற்றவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும்தான் அதிகம் நின்றார்கள். முதல் நாள் மாலையே மூன்றாவது பத்தி பக்கத்தின் அடிவரை வந்துவிட்டது. தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த ஒரு பெண் நான்கு முறை காலை இறக்கி நான்கு முறையும் பின்வாங்கியதை நான் நின்று பார்த்தேன். அதே சாலையில் பத்து வருடமாகக் கார் ஓட்டியிருக்கிறேன், அப்படி ஒரு பெண்ணை ஒரு நாள்கூட நான் கவனித்ததில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து வெகு நேரம் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

அப்படி நின்றபோதுதான் அந்த ஓட்டுநர் சொன்னது விளங்கியது. மூலை வரைக்கும் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். நடைபாதையிலிருந்து இறங்கும் ஆள் அந்த வண்டிகளைத் தாண்டி இரண்டடி சாலைக்குள் வந்தால்தான் எதிரே என்ன வருகிறது என்றே தெரியும், அதே இரண்டடிக்கு அப்புறம்தான் ஓட்டுநருக்கும் அந்த ஆள் தெரிவார். குழந்தை என்றால் தெரியவே தெரியாது. இரண்டாவது, அந்த மூலையின் வளைவு. பெரிய லாரி திரும்ப வசதியாக ஒரு காலத்தில் அகலமாக வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். லாரி எப்போதாவது வரும். கார்கள் நாள் முழுக்க வரும், வளைவு அகலமாக இருப்பதால் பிரேக்கில் கால் வைக்காமலேயே திரும்பும். வேக வரம்புப் பலகை என்ன சொன்னாலும் ஓட்டுகிறவரின் கால் சாலை சொல்வதைத்தான் கேட்கிறது. அகலமான, நேரான, காலியான சாலை 'போ, போ' என்கிறது. குறுகலான மூலை 'இரு' என்கிறது.

வேகத்தை நாங்களே அளந்தோம். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சாலையோரம் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு சாக்பீஸ் கோடு, ஒரு ஸ்டாப்வாட்ச். ஒரு வண்டி அந்தத் தூரத்தை 6 நொடியில் கடந்தால் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம், 3.6 நொடியில் கடந்தால் 50. கையால் அழுத்துவதில் கொஞ்சம் முன்பின் இருக்கும், அதனால் இதை அலுவலகத்தில் ஆதாரமாக வைக்காமல், நீங்களே கருவி வைத்து அளந்து பாருங்கள் என்று கேட்பதற்கான காரணமாக மட்டும் வைத்தோம். அவர்கள் அளந்தார்கள். அவர்கள் கணக்கும் எங்கள் கணக்கும் பெரிதாக மாறவில்லை.

30-க்கும் 50-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இருந்தார்கள். அந்தக் கணக்கு ஆசிரியை அக்கா கரும்பலகையில் போட்டுக் காட்டினார். ஒரு மனிதர் எதையாவது பார்த்து, அது என்னவென்று மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். 30-ல் வரும் கார் அந்த ஒரு நொடியில் சுமார் 8 மீட்டர் ஓடும், அப்புறம் காய்ந்த சாலையில் 5 மீட்டரில் நின்றுவிடும். மொத்தம் 13, 14 மீட்டர். 50-ல் வரும் காரோ அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டர் ஓடிவிடும். அதாவது ஒரு குழந்தை 14 மீட்டர் முன்னால் சாலையில் இறங்கினால், முதல் கார் குழந்தைக்கு முன்னால் நின்றிருக்கும், இரண்டாவது கார் பிரேக்கைத் தொடும் முன்பே, 50 வேகத்திலேயே, குழந்தையிடம் வந்திருக்கும். மோதும் காரின் ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது, 30-ஐ விட 50-ல் இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. அதைப் போட்டுக் காட்டியதும் அறையில் யாரும் பேசவில்லை. எங்கள் சாலையின் அகலமும் அதே 14 மீட்டர்தான் என்பது எல்லோருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் நான் மற்ற ஊர்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன், குறிப்பாக நெதர்லாந்து. இன்றைக்கு சைக்கிளுக்கும் நடைக்கும் பேர்போன அந்த நாடு எப்போதுமே அப்படி இருந்தது என்று நினைத்திருந்தேன். இல்லை. 1971-ல் அங்கே சாலைகளில் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். அதற்கடுத்த வருடங்களில் பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் இயக்கத்துக்கு வைத்த பெயருக்கு 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று பொருள். 'விபத்து' என்ற சொல்லையே அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை அந்தப் பெயரிலேயே பார்க்கலாம். தெருக்களை மறித்துக் குழந்தைகளை விளையாட விட்டார்கள், இறந்தவர்கள் நினைவாகச் சைக்கிள்களைச் சாலையில் சாய்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். டெல்ஃப்ட் நகரில் அதற்குச் சற்று முன்பே சில குடியிருப்பாளர்கள் தங்கள் தெருவில் தாங்களே தடைகளும் செடிகளும் வைத்து வண்டிகளை நடை வேகத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அதிலிருந்து வளர்ந்த 'வூனெர்ஃப்' என்ற தெரு வடிவத்துக்கு 1976-ல் சட்ட அங்கீகாரமே கிடைத்தது. அரசாங்கம் வரைந்து கொடுத்தது அல்ல அது, தெருக்காரர்கள் செய்து பார்த்ததை அரசாங்கம் பின்னால் சட்டமாக்கியது. எங்களுக்கு அது பெரிய தெம்பு.

சரி, முதலில் என்ன கேட்டோம்? ஜீப்ரா கோடு கேட்டோம். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள், கண்ணுக்குத் தெரிகிற ஒன்று அது. பிரிட்டனில் 1949-ல் சோதித்துப் பார்த்து 1951-ல் கொண்டுவந்த அந்தக் கறுப்பு வெள்ளைக் கோடு இன்று உலகம் முழுக்க எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. ஆனால் எங்களோடு பேசிய இளம் பொறியாளர் ஒருவர் எச்சரித்தார், கோடு மட்டும் போட்டால் சில இடங்களில் நிலைமை மோசமாகலாம் என்று. நம்ப முடியவில்லை. பிறகுதான் அமெரிக்காவில் 30 நகரங்களில் கோடு போட்ட 1,000 கடப்புகளையும் கோடு போடாத 1,000 இடங்களையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வைப் பற்றித் தெரிந்துகொண்டேன். இருவழித்தடச் சாலைகளில் கோடு போட்டதால் வித்தியாசம் இல்லை. பல தடங்களும் நெரிசலும் உள்ள சாலைகளில், வேறு எந்த ஏற்பாடும் இல்லாமல் வெறும் கோடு போட்ட இடங்களில் பாதசாரிகள்மேல் மோதுவது அதிகமாகவே இருந்தது. காரணம் யோசித்தால் புரிகிறது. முதல் தடத்தில் வரும் வண்டி நல்ல மனத்தோடு நிற்கிறது, நடப்பவர் கோட்டை நம்பி இறங்குகிறார், நின்ற வண்டி மறைப்பதால் இரண்டாவது தடத்தில் வருகிறவருக்கு அவர் தெரிவதில்லை. நிற்கும் கோட்டைக் கடப்பிலிருந்து சில மீட்டர் பின்னால் தள்ளிப் போடுவது, நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு கட்டுவது, தடங்களைக் குறைப்பது எல்லாம் இதற்காகத்தான். கோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கோட்டோடு சேர்ந்து சாலையும் மாற வேண்டும். நடுத்திட்டு இருந்தால் 14 மீட்டர் என்பது இரண்டு ஏழு மீட்டராகிறது, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் பார்த்தால் போதும். வயதானவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை என்பது என் அழுத்தமான எண்ணம்.

மூலையைத்தான் முதலில் சரிசெய்யச் சொல்லிக் கேட்டோம். கடப்புக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்தக்கூடாது, அந்த இடத்தில் நடைபாதையைக் கொஞ்சம் சாலைக்குள் நீட்ட வேண்டும், வளைவை இறுக்க வேண்டும். நிரந்தரமாகக் கட்டுவதற்கு முன்னால் பெயின்ட்டும் வளையும் பிளாஸ்டிக் கம்பங்களும் வைத்து ஆறு மாதம் சோதித்துப் பார்க்கலாம் என்று அலுவலகமே சொன்னது. தவறாக இருந்தால் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்பதால், எதிர்த்தவர்கள்கூடச் சோதனைக்கு ஒத்துக்கொண்டார்கள்.

எதிர்ப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அந்த மூலையில் வண்டி நிறுத்தும் இடம் போகிறது என்றதும் இரண்டு வீட்டுக்காரர்கள் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். அதில் ஒருவருக்கு நடக்க முடியாத அப்பா இருக்கிறார், வாசலில் வண்டி நிற்காவிட்டால் அவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்தக் கோபம் நியாயமானது. அதை முதலிலேயே போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளாதது எங்கள் தவறு. பிறகு அவர் வாசலை ஒட்டி, ஆளை ஏற்றி இறக்க மட்டும் ஒரு இடம் ஒதுக்கி வரைபடத்தை மாற்றினார்கள். தீயணைப்பு வண்டி திரும்ப முடியாது என்று இன்னொருவர் சொன்னார். அதற்கு வாதம் செய்யாமல், ஒரு காலையில் கூம்புகளை வைத்துத் தீயணைப்பு வண்டியையே வரவழைத்துத் திருப்பிப் பார்த்தார்கள். முதல் முறை ஒரு கூம்பு விழுந்தது. அதை அரை மீட்டர் நகர்த்தினார்கள், இரண்டாவது முறை சுத்தமாகத் திரும்பியது.

இந்த மூலை விஷயத்தில் எனக்கு நம்பிக்கை கொடுத்த ஊர் ஹோபோகன். நியூயார்க்குக்கு எதிரே ஆற்றின் அக்கரையில், நியூஜெர்சியில் இருக்கும் சிறிய, நெரிசலான ஊர், சுமார் 60,000 பேர். அங்கே சாலையைத் திரும்பப் போடும் ஒவ்வொரு முறையும் மூலைகளில் வண்டி நிறுத்தும் இடத்தை எடுத்துவிட்டு, கம்பமோ நீட்டிய நடைபாதையோ வைத்துக்கொண்டே வந்தார்கள். தனியாகப் பெரிய திட்டம் என்று அறிவித்து ஒரே நாளில் செய்யவில்லை, எப்படியும் தோண்டப்போகும் இடத்தில் சேர்த்துச் செய்தார்கள். 2017 ஜனவரிக்குப் பிறகு அந்த ஊர்ச் சாலைகளில் பல வருடங்களுக்கு ஓர் உயிரிழப்புகூட இல்லை. பெரிய நகரங்களிலும் முடிந்திருக்கிறது: 2019-ல் ஹெல்சின்கியிலும் ஆஸ்லோவிலும் பாதசாரி ஒருவர்கூடச் சாலையில் இறக்கவில்லை. சுவீடன் நாடாளுமன்றம் 1997-ல் சாலை மரணம் பூஜ்யம் என்பதையே இலக்காக ஏற்றபோது பலர் அதைக் கனவு என்றார்கள். மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறுக்கு உயிர் விலையாகாதபடி சாலையைக் கட்ட வேண்டும் என்பதுதான் அந்த முடிவின் அடிப்படை. இதைப் படித்தபோது எங்கள் பாட்டியை இடித்த ஓட்டுநர்தான் நினைவுக்கு வந்தார். அவரும் அந்தச் சாலையால் பாதிக்கப்பட்டவர் என்று இப்போது நினைக்கிறேன்.

எங்கள் கோரிக்கைகளில் சில உடனே நடந்தன, செலவே இல்லாமல். சந்திப்புக்கு இருநூறு மீட்டர் தள்ளி ஏற்கெனவே ஒரு சிக்னல் இருந்தது. அதன் நடப்போர் நேரத்தை, ஒரு மனிதர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்ற பழைய கணக்கில் வைத்திருந்தார்கள். அதன்படி 14 மீட்டருக்கு 12 நொடி. கைத்தடியோடு நடப்பவர் நொடிக்கு 0.8 மீட்டர் போனால் அதிகம், அவருக்கு 17 நொடிக்கு மேல் வேண்டும். பச்சை அணைந்த பிறகும் ஐந்து நொடி அவர் சாலை நடுவில் இருப்பார். அதை மாற்றச் சொன்னோம், மாற்றினார்கள். கூடவே வண்டிகளுக்குப் பச்சை வருவதற்குச் சில நொடி முன்பே நடப்போருக்குப் பச்சை கொடுக்கும் ஏற்பாட்டையும் கேட்டோம். அந்தச் சில நொடியில் நடப்பவர் சாலைக்குள் கண்ணில் படும் இடத்துக்கு வந்துவிடுவார், திரும்பும் வண்டிக்காரர் அவரைப் பார்த்துவிடுவார். பெட்டிக்குள் ஒரு எண்ணை மாற்றும் வேலைதான், யாரும் கேட்டதில்லை, அதனால் யாரும் மாற்றவில்லை.

வேகத்தடையில் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது, அதை இங்கே நீட்டப் போவதில்லை. சத்தம் வரும் என்றவர்களுக்கும் வேகம் குறைந்தால் போதும் என்றவர்களுக்கும் இடையே, கடப்பையே நடைபாதை உயரத்துக்குத் தூக்கிக் கட்டுவது என்று முடிவானது. அதில் வண்டி ஏறி இறங்க வேண்டும், நடப்பவர் சமதளத்தில் போகலாம். யார் யாருடைய இடத்துக்குள் வருகிறார்கள் என்பது அங்கே தலைகீழாகிவிடுகிறது. (வேகத்தடையை 1953-லேயே தன் பல்கலைக்கழக வளாகத்துக்காக வடிவமைத்தவர்களில் ஒருவர் ஆர்தர் காம்ப்டன், இயற்பியலில் நோபல் பரிசு பெற்றவர். அவ்வளவு பெரிய மனிதர் தன் வாசல் வழியே வேகமாகப் போகும் வண்டிகளைப் பற்றி உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.)

பள்ளிக்கூட நேரம்தான் இன்றும் பெரிய தலைவலி. சாலை ஆபத்து என்று பெற்றோர்கள் காரில் கொண்டுவந்து விடுகிறார்கள், அந்தக் கார்களால் சாலை இன்னும் ஆபத்தாகிறது, அதைப் பார்த்து நேற்று வரை நடந்தவர்களும் காரை எடுக்கிறார்கள். இதை உடைக்க, இரண்டு தெருக்களில் பெரியவர்கள் இருவர் முன்னும் பின்னும் வர, பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு நடத்திக் கூட்டிப்போகும் முறையை ஆரம்பித்தோம். முதல் தெருவில் நன்றாக நடக்கிறது. இரண்டாவது தெருவில் வருகிறேன் என்று சொன்ன பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள ஒரே பருவத்தில் நின்றுபோனது. மழை, வேலை, குழந்தையின் காய்ச்சல், எல்லாம் உண்மையான காரணங்கள். ஆள் மாற்று இல்லாமல் இரண்டே பேரை நம்பித் தொடங்கியதுதான் தப்பு, அடுத்த முறை ஆறு பேர் சேராமல் தொடங்கக்கூடாது என்று பேசி வைத்திருக்கிறோம்.

இவ்வளவு நாள் இதில் நின்றதில் எனக்கு நடந்த இன்னொன்றும் உண்டு. டொனால்டு ஆப்பிள்யார்டு என்ற ஆய்வாளர் 1960-களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டு, அங்கே இருப்பவர்களுக்கு அந்தத் தெருவில் எத்தனை நண்பர்கள் என்று கேட்டார். ஒரு நாளைக்குச் சுமார் 2,000 வண்டிகள் போகும் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்கள். 16,000 வண்டிகள் போகும் தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை, 0.9. மனதை வருத்துவது, அவரே 1982-ல் ஏதென்ஸில் வேகமாக வந்த கார் மோதி இறந்துபோனார். அந்த எண்களைப் படித்தபோது எனக்குச் சட்டென்று உறைத்தது, எங்கள் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீடுகளில் எனக்கு ஒருவரைக்கூடத் தெரியாது. பத்து வருடம், 14 மீட்டர். இப்போது தெரியும். நோட்டோடு மூலையில் நின்றதில் ஏழெட்டுப் பேர் பெயர் தெரியும், யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று தெரியும்.

ஆறு மாதச் சோதனை முடிந்து, கம்பங்களுக்குப் பதிலாக இப்போது கல் விளிம்பு வந்துவிட்டது. நடுத்திட்டு வந்துவிட்டது. திரும்பும் வண்டிகள் மெதுவாகத் திரும்புகின்றன, வேறு வழியில்லை அவற்றுக்கு. மூன்றாவது பத்தியை மறுபடி ஒரு வாரம் எடுத்தோம். முதல் நாள் போலப் பக்கம் நிரம்பவில்லை, சில மணி நேரங்களில் ஒரு கோடும் விழவில்லை. ஆனால் இருட்டிய பிறகு இன்னும் திரும்பிப் போகிறார்கள். விளக்குக் கம்பம் கடப்புக்குப் பின்னால் இருப்பதால் நடப்பவர் நிழலுருவமாகத்தான் தெரிகிறார், அதை நகர்த்தச் சொல்லி எழுதியிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. பாட்டியின் தோழி இப்போது இந்தப் பக்கம் நடந்து வந்து போகிறார். பாட்டி இன்னும் கடக்கவில்லை. நான் ஒருமுறை கூட வருகிறேன் என்று கேட்டேன். "அவசரப்படுத்தாதே தம்பி" என்றார், அதற்குமேல் கேட்கவில்லை.

போன வாரம் அடுத்த சந்திப்பில், பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில், கணக்கெடுக்க ஆரம்பித்திருக்கிறோம். அது எங்கள் பக்கத்து நடைபாதையிலேயே இருக்கிறது, அங்கே போக எந்தச் சாலையையும் கடக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை மாலை நான் நோட்டோடு போய் நின்றபோது, கைத்தடியைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு நிறுத்தத்துப் பெஞ்சில் பாட்டி உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் அவ்வளவு தூரம் நடக்க, தெரியவில்லை. மூன்று பத்தியையும் விளக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பென்சிலை வாங்கிக்கொண்டார். எதிரே ஓர் அப்பாவும் சின்னப் பெண்ணும் விளிம்புக்கு வந்தார்கள், நின்றார்கள், ஒரு வேன், இரண்டு கார், மறுபடி ஒரு வேன். அந்த அப்பா பெண்ணைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், பாட்டி மூன்றாவது பத்தியில் ஒரு கோடு போட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "குழந்தைக்கும் தனியா ஒரு கோடு போடணுமில்லையா?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்லும் முன்பே போட்டார்.